மாதவிடாய் நின்றபின் வரும் எரிச்சல்: எனக்கு உதவியது

மாதவிடாய் நின்ற பிறகு சிறுநீர் எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தால், உடனே ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். முதலில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுங்கள். கிருமி இல்லை என்று வந்தும் எரிச்சல் தொடர்ந்தால், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்புத் தோல் மெலிந்து உலர்ந்தது காரணமாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று பொங்கும் உடல் சூடு நாளாக நாளாகத் தணியும். ஆனால் இந்த வறட்சி தானாகப் போகாது, பெரும்பாலும் கூடத்தான் செய்யும்.

எனக்குக் கைகொடுத்தது, மகப்பேறு மருத்துவர் எழுதித் தந்த எஸ்ட்ரியால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன்) கிரீம். வழக்கமான அளவு: 1 கிராமில் 1 மி.கி. உள்ள கிரீமில் அரை கிராம், இரவு படுக்கும்போது பிறப்புறுப்புக்கு உள்ளே, முதல் சில வாரம் தினமும். பிறகு வாரம் 2 முறை. பலர் பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தோல் தேற வாரக்கணக்கில் ஆகும். நிறுத்தினால் வறட்சி திரும்பும்.

அந்த இடத்தில் சோப்பு, வாசனைத் திரவம் எல்லாம் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கிரீமைத் தொடவே கூடாது.

மாதவிடாய் நின்று 12 மாதத்துக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும், தாமதிக்காமல் ஸ்கேன் எடுத்துக் கருப்பை உட்சுவரின் தடிமனைப் பாருங்கள். தயவுசெய்து கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.