உரச்சாக்கில் உருளைக்கிழங்கு: வாசலில் நாலடி இடம் போதும்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை பக்கம் போனால் சரிவு சரிவாகக் கிழங்குப் பாத்திதான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவர்களுக்கு அப்படி நிலம் ஏது? வாசலில் நாலடி, பின்பக்கம் கான் ஓரத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்த நாலடியிலும் கிழங்கு எடுக்கலாம், சாக்கில் போட்டால்.

இரவு குளிர்ந்தால்தான் கிழங்கு திரளும். 15 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அதற்கு மிகவும் பிடிக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்கள்கூட மார்கழி, தைக் குளிரை நம்பித்தான் நடுகிறார்கள். நமக்கோ குளிருக்குப் பஞ்சமே இல்லை. இங்கே கிழங்கைக் கெடுப்பது தண்ணீர். அதனால் கீழே சொல்வதில் பாதி, சாக்குக்குள் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது பற்றித்தான்.

எப்போது நடுவது?

அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொள்ளும். பெப்ரவரி தொடக்கத்தில் நட்டுவிட்டால் அதற்குள் கிழங்கு வீட்டுக்கு வந்துவிடும். பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை பக்கம் பெரிய மழை ஒக்டோபருக்குப் பிறகு. அங்கே மே, ஜூனில் நடலாம், தண்ணீர் மட்டும் கையால் ஊற்ற வேண்டியிருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஜனவரியிலும் பெப்ரவரியிலும் துகள் பனி விழும் இடம். வானம் மேகமில்லாமல், காற்றும் இல்லாமல் இருக்கிற இரவில் செடிமேல் பழைய சாக்கு ஒன்றைப் போர்த்திவிடுங்கள். விடிந்து வெயில் வந்ததும் எடுத்துவிடலாம்.

படி 1: விதைக்கிழங்கு

கடையில் கறிக்கு வாங்கும் கிழங்கை நடாதீர்கள். இறக்குமதிக் கிழங்கு முளைக்காமல் இருக்க மருந்து போட்டதாக இருக்கலாம். முளைத்தாலும் என்ன நோயைச் சுமந்து வருகிறது என்று தெரியாது. செம்மண் ஒட்டியிருப்பதை வைத்து உள்ளூர்க் கிழங்கு என்று நம்பவும் முடியாது, மண்ணைப் பூசி விற்பதும் நடக்கிறது. தெரிந்த விவசாயியிடம் நாலைந்து விதைக்கிழங்கு கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார். 'கிரானோலா' என்ற வகை நம் பக்கம் பரவலாகக் கிடைக்கும்.

கோழிமுட்டை அளவுள்ளது நல்லது. பெரிய கிழங்கை வெட்டி நடலாம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நம் ஈரத்தில் வெட்டிய பக்கம் சீக்கிரம் அழுகும், கத்தி வழியாக நோயும் பரவும். முழுசாகவே நடுங்கள்.

புதிதாகக் கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் தூங்கும், அவசரப்படுத்தி முளைக்க வைக்க முடியாது. கண் விழிக்கத் தொடங்கியதை முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, வெளிச்சம் உள்ள, ஆனால் நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கட்டை விரல் நகம் அளவுக்குத் தடித்த, ஊதா கலந்த பச்சை முளை வரும். இருட்டில் வைத்தால் வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடிகிற முளைதான் வரும், அது உதவாது.

படி 2: சாக்கு

உரம் வந்த 50 கிலோ சாக்கு ஒன்று. உள்ளே பொலித்தீன் உறை இருந்தால் கட்டாயம் உருவி எடுங்கள், அதை விட்டால் சாக்கு வாளியாகிவிடும். நன்றாக அலசிக் காய வைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் பத்து ஓட்டையாவது போடுங்கள். பக்கவாட்டிலும் அடியிலிருந்து மூன்று நான்கு அங்குல உயரத்தில் சுற்றி ஓட்டை வேண்டும். சாக்கை வெறும் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். ஒரு நாளில் ஆறு மணி நேரம் வெயில் படுகிற இடம், கூரைத் தண்ணீர் விழாத இடம். கூரைத் தண்ணீர் சொட்டுகிற ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, ஏன் அழுகியது என்று கேட்பவர்கள் நிறைய.

படி 3: மண்

இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய மாட்டுச் சாணம் அல்லது கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள். தும்புத்தூள் இல்லையென்றால் காய்ந்த இலையை நொறுக்கிப் போடலாம். குடித்துப் போட்ட தேயிலைச் சக்கையைக் கூட்டெருவில் சேர்ப்பது நல்ல பழக்கம், நேராகச் சாக்கில் கொட்ட வேண்டாம். மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரித்த சாம்பலில் பொட்டாசியம் உண்டு, ஒரு கைப்பிடி போதும். மலைநாட்டு மண்ணின் புளிப்பு கிழங்குக்குச் சரியாகவே இருக்கிறது. சாம்பலையோ சுண்ணாம்பையோ அள்ளிக் கொட்டினால் தோல் சொறி சொறியாக வரும். தக்காளி, மிளகாய், கத்தரி போட்டிருந்த மண் வேண்டாம். மூன்றுமே கிழங்கின் சொந்தக்காரர்கள், நோயும் ஒன்றுதான்.

படி 4: நடுவது

சாக்கின் வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டி மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எட்டு அங்குலம் மண் போட்டு, மூன்று கிழங்கை முக்கோணமாக, முளை மேலே இருக்க வைத்து, நான்கு அங்குலம் மண்ணால் மூடுங்கள். ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். முளை வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும். தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: மண் ஏற்றுவது

செடி எட்டு அங்குலம் வளர்ந்ததும் மேல் இலைகள் மட்டும் தெரியும்படி சுற்றிலும் மண் போடுங்கள். சாக்கின் சுருட்டை அதற்கேற்ப அவிழ்த்துக்கொண்டே வரலாம். இப்படி இரண்டு மூன்று தடவை. வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும், அந்தப் பச்சையில் நச்சு சேரும் என்பதுதான் முக்கியமான காரணம். மண் ஏற்ற ஏற்ற மாடி மாடியாகக் கிழங்கு பிடிக்கும் என்று வீடியோக்களில் காட்டுவதை நம்பி ஏமாற வேண்டாம். ஒரு சாக்கில் ஒன்றரை, இரண்டு கிலோ வந்தால் நல்ல விளைச்சல்.

படி 6: தண்ணீரும் நோயும்

விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். பூ வரும் சமயத்தில் மட்டும் காய விடக்கூடாது, கிழங்கு திரளும் காலம் அது. மழை விடாமல் பெய்தால் சாக்கைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடலாம். பாத்தியில் நட்டவருக்கு இந்த வசதி கிடையாது.

மூடுபனியும் தூறலும் நாலைந்து நாள் நின்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே கறுத்த ஈரத் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் இலைக்கருகல். 1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது இதே நோய்தான். பட்ட இலையைக் கிள்ளி எடுத்து எரித்துவிடுங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். தண்டுக்கும் பரவிவிட்டால் செடியை அடியோடு வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டலாம்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று துவண்டால் அது வேறு. அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கினால் பக்டீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை. சாக்கோடு அப்புறப்படுத்த வேண்டியதுதான், அந்த மண்ணை வேறு சாக்கில் கலக்கவே கூடாது.

முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் வருகிற இடமென்றால் சாக்கை வாசலை ஒட்டியே வையுங்கள். கோழி கிண்டாமல் இருக்க மேலே இரண்டு மிலாற்றுக் குச்சியைக் குறுக்கே போடலாம்.

படி 7: எடுப்பது

எழுபது நாள் அளவில் சாக்கின் ஓரமாகக் கையை விட்டுத் தடவினால் எலுமிச்சை அளவில் இரண்டு மூன்று அகப்படும். அதை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டு மண்ணை மூடிவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களுக்கே கொடுங்கள்.

முழு அறுவடை 90 முதல் 100 நாளில். இலை மஞ்சளித்துச் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் விடுங்கள். ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தேயுங்கள். தோல் உரிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. உரியவில்லையென்றால் பழைய படங்கை விரித்துச் சாக்கைக் கவிழ்த்துவிடலாம். கழுவாமல் நிழலில் உலர்த்தி, இருட்டில் வையுங்கள், வெங்காயத்தோடு சேர்த்து வேண்டாம். பச்சை ஏறியதைக் கறிக்கு எடுக்காதீர்கள்.

பொடிக் கிழங்கைத் தோலோடு உப்புப் போட்டு அவித்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், கொஞ்சம் மஞ்சள் போட்டுத் தாளித்து, தோல் மொறுமொறுவென்று வரும்வரை பிரட்டுங்கள். சூடான ரொட்டிக்கு இதைவிட வேறு கறி தேவையில்லை, என் கணக்கில் மாசி சம்பல்கூட அன்றைக்கு ஓய்வெடுக்கலாம்.

காலியான சாக்கு மண்ணில் அடுத்து போஞ்சி அல்லது லீக்ஸ் போடுங்கள். கிழங்குக்குப் புது மண், புதுச் சாக்கு.