யன்னலை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களில், 60களில் கட்டிய பழைய பங்களோ (ஒற்றைத்தள வீடு) ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே உங்களுக்கு அது முதல் ஜனவரி மாதம். காலையில் எழும்பித் திரையை விலக்கினால் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், கீழ்ச்சட்டத்தில் கறுப்பாகப் பூஞ்சணம். அந்தக் கிழமையே சொந்தக்காரர் யாராவது வந்து, "இந்த யன்னல் எல்லாம் இனிச் சரிவராது, மாத்துங்கோ" என்பார். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பதினொரு யன்னலுக்கும் சேர்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிற அளவுக்குப் போய்விட்டோம். கடைசியில் மாற்றியது இரண்டைத்தான்.

கண்ணாடியை விரலால் துடைத்துப் பாருங்கள். விரல் நனைந்தால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் இருக்கிற ஈரக்காற்றிலிருந்து வந்தது. வெளியே கடும் குளிராக இருக்கும்போது வீட்டின் ஈரப்பதன் 30 சதவீதம் அளவில் இருந்தால் போதும். நாங்களோ விடியப் பிட்டு அவிக்கிறோம், மத்தியானம் சோறு, இரவில் இடியப்பம், போதாததற்குத் தோய்த்த உடுப்பையும் அறைக்குள் காயப்போடுகிறோம். புது யன்னல் போட்டாலும் அந்த ஆவி எங்கேயாவது போய்ப் படியத்தான் செய்யும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போடுங்கள். அது காற்றை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டித் திரும்பக் குசினிக்குள்ளேயே விடுகிறதா என்றும் பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இரண்டாவதுதான். குளியலறை விசிறியைக் குளித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ஈரப்பதன் காட்டும் சின்னக் கருவி ஹார்ட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும்.

துடைத்தும் புகைமூட்டம் போகவில்லையென்றால், ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கிறது. அந்த இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை அடைத்திருக்கும் சீல் போய்விட்டது. இதற்கும் முழு யன்னலைக் கழற்றத் தேவையில்லை. இங்கே தெர்மோபேன் என்று சொல்லுகிற அந்தக் கண்ணாடித் தொகுதியை மட்டும் கண்ணாடிக் கடைக்காரர் அளந்து செய்து, அதே சட்டத்துக்குள் போட்டுத் தருவார். முழு யன்னலை மாற்றுவதைவிடச் செலவு நன்றாகக் குறையும். இதை விற்பனைக்கு வருகிறவர்கள் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும். இரு கண்ணாடிகளுக்கும் இடையில் உள்ள உலோகப் பட்டையில் சில வேளை தயாரித்த வருடம் பொறித்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம்தான் என்றால், உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா என்று முந்தைய உரிமையாளரின் பத்திரங்களைக் கிளறிப் பாருங்கள்.

அடுத்தது காற்று. காற்று வீசுகிற ஒரு குளிர்நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி, யன்னலைச் சுற்றி மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. அசையும் பாகத்தின் ஓரத்தில் ஆடினால் தேய்ந்துபோன ரப்பர் பட்டையை மாற்றினால் சரி. சட்டமும் சுவரும் சேரும் இடத்தில் ஆடினால் கோல்க்கிங் (இடைவெளியை அடைக்கும் பசை) அடிக்கவேண்டும். ஆனால் சட்டத்தின் வெளிப்பக்க அடியில் இருக்கும் சின்னத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவை மழைத்தண்ணீர் வடிவதற்கு விட்டவை. நான் முதல் வருடம் ஆர்வக்கோளாறில் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டு, வசந்தத்தில் சட்டத்துக்குள் தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

பழைய ஒற்றைக் கண்ணாடி மரயன்னல் என்றாலே பலர் முகம் சுளிப்பார்கள். அதற்கு வெளியே ஸ்டோர்ம் யன்னல் என்கிற இன்னொரு கண்ணாடி யன்னலைப் பொருத்தினால் வெளியேறும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். அந்தக் காலத்து மரம் உறுதியானது, பாகம் பாகமாகக் கழற்றித் திருத்தலாம். திருப்புளியால் கீழ்ச்சட்டத்தை, முக்கியமாக மூலைகளை, குத்திப் பாருங்கள். முனை இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. இறங்கினால் உக்கிவிட்டது, கொஞ்ச இடம் என்றால் எபொக்சிப் பசை வைத்துத் திருத்தலாம், மூலை முழுவதும் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: 1960க்கு முன் கட்டிய வீட்டின் பெயின்ரில் ஈயம் இருக்கப் பெரிதும் வாய்ப்புண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சோதித்துப் பார்க்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதவை 60களிலிருந்து 80கள் வரை போட்ட அலுமினியத் தள்ளு யன்னல்கள்தான். உலோகம் குளிரை அப்படியே உள்ளே கடத்தும், சட்டத்தின் உட்பக்கத்தில் ஐஸ் கட்டும். திருத்தினாலும் குளிரின் வழி அடைபடாது. நாங்கள் மாற்றிய இரண்டும் அவைதான்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் இரண்டு வழி உண்டு. பழைய சட்டத்தை விட்டுவிட்டு அதற்குள் புது யன்னலைச் செருகுவது ஒன்று; இதை ரெட்ரோஃபிட் என்பார்கள். செங்கல் வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது மற்றது. செருகுவது மலிவு, ஆனால் கண்ணாடியின் பரப்புக் குறையும், பழைய சட்டத்தைச் சுற்றியுள்ள ஓட்டைகளும் அப்படியே கிடக்கும். உக்கல் இருந்தால் செருகவே கூடாது.

பேஸ்மன்டில் படுக்கையறை இருந்தால் இன்னும் கவனம். தீ விபத்தில் தப்பி ஏறக்கூடிய யன்னலுக்கு ஒன்ராறியோ கட்டடச் சட்டக்கோவை 0.35 சதுர மீட்டர் திறப்புக் கேட்கிறது; எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. செருகிய யன்னலால் திறப்புச் சுருங்கினால் அந்த அளவுக்குக் கீழே போய்விடலாம். பழைய யன்னலின் அதே அளவில் மாற்ற ரொறன்ரோவில் கட்டட அனுமதி தேவையில்லை, சுவரை வெட்டிப் பெரிதாக்கினால் தேவை. காபேஜ்டவுன் போன்ற மரபுரிமைப் பகுதியில் வீடு என்றால் அதே அளவுக்கும் நகரசபையிடம் முதலில் கேளுங்கள். கொன்டோவில் (சொந்தமாக வாங்கிய அடுக்குமாடி வீட்டில்) யன்னல் பெரும்பாலும் பொதுச்சொத்து, நீங்களாகத் தொடக்கூடாது. வாடகைக்கு இருக்கிறீர்களா? யன்னலைத் திருத்துவது வீட்டுக்காரரின் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவரைக்கும் கண்ணாடிக்கு மேல் ஒட்டி, முடி உலர்த்தியால் சூடுகாட்டி இறுக்குகிற பிளாஸ்டிக் தாள் நன்றாகவே உதவும்.

வெப்பச் செலவைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், யன்னலுக்கு முன் மேற்கூரைக்குள் ஏறி இன்சுலேஷன் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் அநேகமாகப் போதாது. யன்னலில் போட்ட காசு மின்சார, காஸ் பில்லில் திரும்பி வரக் காலம் எடுக்கும்.

கடைசியாக, கதவைத் தட்டுகிறவர்கள். சூடாக்கி, ஏசி, தண்ணீர்ச் சூடாக்கி போன்றவற்றை வீடு வீடாகப் போய் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் யன்னல் இல்லை. அதனால் "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று இன்னும் வருவார்கள், தமிழிலேயே பேசிக்கொண்டும் வருவார்கள். எங்கள் வீட்டு மேசையில் அப்படி ஒருவர் மூன்று மணித்தியாலம் இருந்தார், தேத்தண்ணி இரண்டு தரம் குடித்தார். மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். முற்பணம் 10 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். வெட்கத்துக்கு ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டீர்களென்றால், வீட்டில் வைத்துச் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச்செய்யலாம். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருக்காமல், மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள்.