மதிப்பிற்குரிய கொள்கை அவர்களுக்கு

பள்ளியில் படிக்கும்போது ஒரு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில் பிரின்சிபால் என்று எழுதும்போது கடைசியில் ஏ எல் போடாமல் எல் இ போட்டுவிட்டேன். அப்படி எழுதினால் அது கொள்கை என்கிற பிரின்சிபிள், அதாவது காய்ச்சல் வந்த பையன் பள்ளியின் கொள்கையிடம் இரண்டு நாள் லீவ் கேட்டிருக்கிறான். ஸ்பெல்செக்கை நம்பாதீர்கள், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் அது சும்மா இருந்துவிடும்.

ஒரே ஒலியுள்ள சொற்களை ஜோடியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எழுதும்போது இரண்டும் சேர்ந்தே வந்து நின்று குழப்பும். ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மிச்சமானது தானாக மற்றது. அதற்குத் தமிழே கைகொடுக்கும். ஏ எல் போடும் பிரின்சிபாலுக்குத் தமிழில் இரண்டு பொருள்: கல்லூரியின் தலைவர் முதல்வர், கடனில் வட்டி போக மிச்சம் முதல் அல்லது அசல். எல்லாவற்றிலும் 'அல்' ஒலிக்கிறதா, அங்கெல்லாம் ஏ எல். காம்ப்ளிமென்ட்டும் இப்படித்தான்: பாராட்டுக்கு நடுவில் ஐ வரும், "ஐ, சூப்பரா இருக்கே!" என்கிற அதே ஐ. முழுமையாக்குவது என்றால் இ, கம்ப்ளீட் என்ற சொல்லிலும் அந்த இடத்தில் இ தான்.

நோட்டு, பேனா விற்கும் ஸ்டேஷனரியில் இ ஆர். ஊர் ஊராக அலையாமல் ஒரே இடத்தில் கடை போட்டவரை அந்தக் காலத்தில் ஸ்டேஷனர் என்றார்கள், பேக்கர் விற்கிற இடம் பேக்கரி ஆன மாதிரி இதுவும். அசையாமல் நிற்கிற ஸ்டேஷனரிக்கு ஏ ஆர்.

'இட்ஸ்'ஸில் மேல் கமா போடலாமா என்று சந்தேகமா? 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்துப் படியுங்கள், பொருந்தினால் போடுங்கள், பொருந்தாவிட்டால் வேண்டாம். 'அங்கே' என்கிற தேர் எழுதும்போது அதற்குள் 'இங்கே' என்கிற ஹியர் முழுசாக உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்தால் போதும்.

அப்புறம், ஆங்கிலேயர் காதுக்கு வேறாகவும் நம் காதுக்கு ஒன்றாகவும் கேட்கும் சொற்கள் தனி ரகம். தலையில் மாட்டுவது, வாடகைக்கு வருவது, நடுவில் விழும் இடைவெளி மூன்றையும் தமிழில் 'கேப்' என்றுதான் எழுதுகிறோம். இங்கே மனப்பாடம் உதவாது, வாய்தான் பழக வேண்டும். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு தொப்பியைச் சொல்லுங்கள், தொடக்கத்தில் அதிர்வு இருக்காது. இடைவெளியின் முதல் எழுத்து அதிரும். வாடகை வண்டிக்கு நடுவில் உள்ள உயிரைக் கொஞ்சம் இழுத்துவிட்டு முடியுங்கள், தொப்பிக்குச் சட்டென்று வெட்டுங்கள். 'வெட்' என்று ஒரே மாதிரி எழுதும் இரண்டு சொற்களும் இப்படித்தான்: கால்நடை மருத்துவரான 'வெட்'டுக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், ஈரம் என்கிற 'வெட்'டுக்குப் பல்லே வேண்டாம், விசில் அடிக்கப் போவது போல உதட்டைக் குவித்தால் சரி. வீட்டில் சிரிப்பார்கள், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள்.