இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மூட்டையே மாற்றி வைத்தார்கள். மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள். நிஜமான பாடு வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏனென்றால் நம் வீடுகளில் சாப்பாடு, அரிவாள்மனை, கோலம், கக்கூஸ் எல்லாமே தரையோடு தரையாக இருக்கின்றன, புது மூட்டுக்கோ முதல் சில வாரங்கள் தரைதான் எமன்.

அதனால் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே உயரத்தைக் கவனியுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி போதும், சோபா வேண்டாம், புதைந்துவிடும். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் அதன் மேல் பொருத்தும் உயர சீட் ஒன்று வாங்குங்கள், இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் கமோட் நாற்காலி. கால்மிதி, சுருண்டு கிடக்கும் வயர், ஈரத் தரை எல்லாவற்றையும் ஒழித்துக் கட்டுங்கள்.

பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் மூன்று விஷயம் கூடாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால் மேல் கால் போடுவது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்புவது. பெரும்பாலும் 6 முதல் 12 வாரம். கீழே விழுந்த மாத்திரையைக் குனிந்து எடுப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள், அம்மாவும் ஒருமுறை குனியப் போய் என் கத்தலில் நின்றார். தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. முன்பக்கமாகத் திறந்திருந்தாலோ, மூட்டை மாற்றாமல் ஸ்க்ரூ, ராடு வைத்திருந்தாலோ விதிகள் வேறு. காலில் எவ்வளவு எடை போடலாம் என்று சர்ஜனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது வாக்கர் முதலில், அப்புறம் ஆபரேஷன் ஆன கால், அப்புறம் நல்ல கால். திரும்பும்போது காலை ஊன்றிச் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்ப வேண்டும். படிக்கு நாங்கள் வைத்திருந்த வாய்ப்பாடு, "ஏறுவதற்கு நல்லது, இறங்குவதற்கு நொந்தது", அதாவது ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். பிறகு கைத்தடிக்கு மாறும்போது அதை நல்ல கால் பக்கக் கையில் பிடிக்க வேண்டும், நம்ப மாட்டார்கள், பிசியோ வந்து சொன்ன பிறகுதான் அம்மா கேட்டார்.

படுக்கையில் இருக்கும்போது தையல் மெஷின் மிதிப்பது போலப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், மணிக்கு ஒரு பத்துத் தடவையாவது. காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் இது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ தந்திருந்தால் சொன்ன நாள்வரை விடாமல் கொடுங்கள், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி முழங்காலை மெதுவாக மடக்குவது, தொடையை இறுக்கித் தளர்த்துவது, இந்த இரண்டும் தினமும். வலிக்கிறதென்று பயிற்சியைத் தள்ளிப்போடுவதைவிட, வலி மாத்திரை போட்டு அரைமணி கழித்துச் செய்ய வைப்பது மேல். அந்த மாத்திரைகளில் சிலது மலச்சிக்கலைக் கொடுக்கும், தண்ணீரும் வாழைப்பழமும் கைவசம் இருக்கட்டும்.

பாவாடையோ பேண்ட்டோ, போடும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில், கழற்றும்போது கடைசியில். காரில் முன்சீட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, தலையணை போட்டு, முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் வடிந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108. சுரீரென்ற வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம், நடக்க விடாதீர்கள், எண்ணெய் போட்டு நீவ யாரையும் கூப்பிடாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

சும்மா வழுக்கியதற்கே எலும்பு முறிந்ததென்றால் எலும்பு பலமிழந்து மெலிவதற்கும் (ஆஸ்டியோபோரோசிஸ்) வைத்தியம் கேளுங்கள், இன்னொரு இடுப்பும் இருக்கிறதே. அம்மாவின் அரிவாள்மனை இப்போது பரணில். மேஜையில் பலகை வைத்துக் கத்தியால் நறுக்குகிறார், கீரை பொடியாக வரவில்லை என்று தினமும் எனக்குத்தான் திட்டு.