அட்டப்பாடியில் அரிவாள் செல் மரபணுப் பகுதியை ஆராய்வது எப்படி?

நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை ரத்தக் குறைபாடு) இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் பதிவுசெய்தார்கள். ஆனைகட்டியைத் தாண்டினால் வரும் கேரளத்தின் அட்டப்பாடியிலும் இருளர் ஊருகளில் (குடியிருப்புகளில்) அது உண்டு. ஜீனோமின் (ஒருவரின் முழு டிஎன்ஏ) ஒரு பகுதியை எடுத்து, அது ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது, என்ன வேலை செய்கிறது என்று பார்க்கப் பழகுகிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

நெறிமுறைக் குழு அனுமதி கையில் வந்தபின் முதலில் ஊரு மூப்பனிடம் (தலைவரிடம்) பேசுங்கள். ஒப்புதல் படிவம் மலையாளத்தில் மட்டும் இருந்தால் போதாது. இருளமொழியிலோ தமிழிலோ வாய்விட்டு விளக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்குச் சாட்சி ஒருவர் அவசியம். ரத்தம் 2 மில்லி, ஊதா மூடி ஈடிடிஏ குழாயில். பச்சை மூடிக் குழாய் வேண்டாம். அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏ துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும். 2 முதல் 8 டிகிரி குளிரில் கொண்டுபோங்கள், பனிக்கட்டியாக உறையவிடாதீர்கள்: உறைந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும், பிறகு அணு எண்ணிக்கை எடுக்க முடியாது.

அடுத்து முகவரி. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைத் தரும் பீட்டா குளோபின் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அரிவாள் செல்லுக்குக் காரணமான ஆர்எஸ்334 என்ற மாற்றம், மனித ஜீனோம் மேற்கோள் வரிசையின் ஜிஆர்சிஎச்38 பதிப்பில் 5227002-ஆம் இடம். பழைய 37-ஆம் பதிப்பில் அதே எழுத்து 5248232. பதிப்பு எண்ணைக் குறிக்காத அட்டவணையை நம்பாதீர்கள். இன்னொரு பொறி: இந்த மரபணு டிஎன்ஏவின் எதிர் இழையில் இருக்கிறது. ஜிஏஜி ஜிடிஜி ஆவதைப் பாடப்புத்தகம் 'ஏ' 'டி' ஆவதாகச் சொல்லும். வரிசைக் கோப்போ 'டி' 'ஏ' ஆனதாகக் காட்டும். இரண்டும் ஒன்றுதான்.

ஆய்வகத்தில்: 25 மைக்ரோலிட்டர் பிசிஆர், 50 நானோகிராம் டிஎன்ஏ, 35 சுற்று. பக்கத்திலுள்ள டெல்டா குளோபின் மரபணு இதற்கு மிக நெருங்கிய சாயல் உடையது. அதனால் பிரைமரின் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) 3' முனை இரண்டும் வேறுபடும் எழுத்தில் முடியட்டும். விளைபொருளை டிடிஇ-1 நொதியோடு 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓட்டுங்கள். இயல்பான வரிசையை நொதி வெட்டும், அரிவாள் வரிசையை வெட்டாது. இங்கேதான் பலர் வழுக்குவது: வெட்டு பாதியில் நின்றால் இயல்பானவரும் கடத்துநர் (ஒரு பிரதி மட்டும் அரிவாள் வரிசையாக உள்ளவர்) மாதிரியே தெரிவார். எனவே இருவருக்கும் பொதுவான இன்னொரு டிடிஇ-1 வெட்டிடம் துண்டுக்குள் வருமாறு பிரைமரை வையுங்கள். அது முழுசாக வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் முடிவை எழுதுங்கள்.

ஜெல் கடத்துநர் என்று சொன்னாலும் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) பாருங்கள். கடத்துநருக்கு எச்பிஎஸ் (அரிவாள் ஹீமோகுளோபின்) பொதுவாக 30–40 சதவீதம். 50-ஐத் தாண்டினால் மரபணுவின் மறுபிரதியில் பீட்டா தலசீமியா (பீட்டா குளோபினைக் குறைக்கும் மாற்றம்) இருக்கலாம். மரபணு முழுவதையும் வரிசைப்படுத்துங்கள். கடந்த 3 மாதத்துக்குள் ரத்தம் ஏற்றிக்கொண்டவரிடம் இந்தச் சதவீதத்துக்குப் பொருளில்லை.

ஒரே மாற்றம், ஆனால் நோயின் கடுமை ஆளுக்கு ஆள் வேறு. கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாக உள்ளவருக்கு நோய் பொதுவாகக் கடுமை குறையும். அதனால் அதைத் தரும் காமா குளோபின் பக்கம் போக வேண்டும். காமாவில் இரண்டு மரபணுக்கள் ஏறக்குறைய அச்சு அசலாக இருப்பதால், குறுந்துண்டு வரிசையாக்கத்தில் எது எங்கிருந்து வந்தது என்று மென்பொருளே தடுமாறும். நீள்துண்டு வரிசையாக்கம் மேல். அவற்றில் ஒன்றான ஜி-காமாவின் தொடக்கத்துக்கு 158 எழுத்து முன்னால் 'சி' இருக்குமிடத்தில் 'டி' இருந்தால் எக்ஸ்எம்என்-1 நொதி வெட்டும், கருக்கால ஹீமோகுளோபினும் கூடுதலாக இருக்கும். அரபு-இந்திய ஹாப்லோடைப்பில் (ஒன்றாகப் பரம்பரையில் வரும் மாற்றங்களின் தொகுப்பு) இது சகஜம். ஆனால் 'டி'யோடு பக்கத்து மாற்றங்களும் சேர்ந்தே பரம்பரையாக வருகின்றன. சொந்தத்துக்குள் மணம் செய்யும் சிறு ஊருகளில் அந்தக் கட்டு இன்னும் நீளும். தொடர்பு தெரிந்தது என்பதற்காகக் காரணம் அதுவே என்று எழுதிவிடாதீர்கள். உறவுமுறையையும் கணக்கில் சேருங்கள்.

காரணத்தைக் காட்ட எழுத்தைச் செல்லில் மாற்றித்தான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கும் கே562 செல்கள் மலிவு, ஆனால் அவை ஏற்கெனவே காமாவைத்தான் தயாரிக்கின்றன; காமா கூடியதா என்று கேட்க அவை உதவா. ஹூடெப்-2 செல்கள் பெரியவர் ஹீமோகுளோபினைத் தருவதால் அவையே பொருத்தம். ஒப்பீட்டுக்கு, காமாவை அடக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் இரண்டாம் இன்ட்ரானில் (புரதமாகாத இடைப்பகுதியில்) உள்ள ஊக்கியை (அந்த மரபணுவை முடுக்கும் பகுதியை) கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டிய செல்களையும் கூடவே வளருங்கள். அங்கே காட்டா1 புரதம் ஒட்டுமிடம் கெட்டால் பிசிஎல்11ஏ குறைந்து காமா உயரும். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி என்ற அரிவாள் செல் சிகிச்சை இதே இடத்தைத்தான் வெட்டுகிறது. ஒப்பீட்டுக்கு வளர்த்த அந்தச் செல்களிலேயே காமா உயரவில்லை என்றால் குற்றம் உங்கள் மாற்றத்தில் இல்லை, சோதனையில்.