கிராஸ் கட் ஸ்கர்ட்: வியோனே காட்டின வழி

கிராஸ் கட்னா துணியை நேரா வைக்காம சாய்வா வச்சு வெட்டறது. இந்த ஸ்கர்ட்டுக்கு சென்னை எம்.சி. ரோட்டுல துணி எடுக்கும்போது, குழைவா விழுற கிரேப்தான் கேளுங்க. விறைப்பான காட்டன் இதுக்கு ஆகாது. பன்னா, அதாவது துணி அகலம், 44 இன்ச்னா வழக்கத்தைவிட ஒரு மீட்டர் கூடவே வாங்கணும். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் மாட்லென் வியோனே இதுக்காகவே அகலம் கூட்டி நெய்யச் சொல்வாங்களாம். நாம ஜாக்கெட்டோட நிறுத்திக்கிற கிராஸ் கட்டை உடுப்பு முழுசுக்கும் கொண்டுபோனவங்க அவங்கதான். 1876-ல பிறந்து, சின்ன வயசுலயே தையலுக்குப் போய், 1912-ல பாரிஸ்ல சொந்தக் கடை போட்டாங்க. சின்ன மரப்பொம்மை மேல துணியைச் சுத்திப் பார்த்துட்டுத்தான் வெட்டுவாங்க. காப்பி அடிக்கிறவங்களைத் தடுக்க லேபிள்ல கட்டைவிரல் ரேகை வேற, பத்திர ஆபீஸ் மாதிரி!

வெட்டின ஓரம் கரையோட (நெய்யும்போதே வர்ற பக்கவாட்டு ஓரம்) சேர்ற மாதிரி துணியை முக்கோணமா மடிங்க. அந்த மடிப்புதான் 45 டிகிரி. இழுத்துப் பாருங்க, நீளும், கரையோரம் நீளாது. டார்ட் (உடம்புக்குப் பொருந்தப் பிடிக்கிற சின்ன மடிப்புத் தையல்) இல்லாமலே இடுப்பைப் பிடிக்கிறது அந்த நீட்சிதான். ஸ்கர்ட்டோட நடுக்கோடு அதுமேல வரணும். துணியை ஒத்தையா விரிச்சு, மேஜையை விட்டுத் தொங்காம வெட்டுங்க.

சைடு தையலை லேசா இழுத்தபடி ஓட்டுங்க, இல்லன்னா உட்கார்ந்ததும் நூல் அறும்.

இடுப்புப் பட்டி வச்சதும் ராத்திரி முழுக்க ஹேங்கர்ல தொங்கணும். கிராஸ் பக்கம் தானா இறங்கும். “இன்னிக்கே வேணும்க்கா”ன்னு ராயபுரத்துல எவ்வளவு கெஞ்சினாலும் நான் கொடுக்கமாட்டேன். மறுநாள் உடுத்தச் சொல்லி, தரையிலிருந்து ஸ்கேல் வச்சு சுத்திக் குறிச்சு, அப்புறம்தான் அடி மடிப்பு.