உண்மைக் கொலையை வரலாற்றுப் புனைவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1873ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் உள்ள ஸ்மட்டிநோஸ் என்னும் சிறு தீவில், நார்வேயிலிருந்து குடியேறிய மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த காரன், அனெத்தே என்ற இரு பெண்கள் கொல்லப்பட்டார்கள். காரனின் சகோதரியான மேரன் ஹொன்ட்வெட் தப்பியோடி, வளர்ப்பு நாயோடு பாறையிடுக்கில் விடியும்வரை ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார். முன்பு அதே வீட்டில் தங்கியிருந்த லூயிஸ் வாக்னர் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 1875 ஜூன் 25 அன்று தூக்கிலிடப்பட்டார். இத்தகைய வழக்கைக் கதையாக்க முனைவோர் சில தவறுகளுக்கு எளிதில் ஆளாகிறார்கள்.

கொலைக்கருவியான கோடரியில் கதையைத் தொடங்குவது அவற்றுள் முதலாவது. அப்படித் தொடங்கினால் இறந்தவர்கள் கடைசிவரை வெறும் சடலங்களாகவே நின்றுவிடுவார்கள். காரன் பக்கத்துத் தீவான ஆப்பிள்டோரில் வேலை பார்த்தவர். அனெத்தேயோ மேரனின் சகோதரரை மணந்து, அந்தக் கரைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த இளம்பெண். புதிய நாட்டில் அவர்கள் கட்டியெழுப்பிய அன்றாடத்தை வாசகர் முதலில் கண்டால்தான் இழப்பின் அளவு புரியும்.

அடுத்தது, தொழிலை வெறும் பின்னணிக் காட்சியாக்குவது. இவ்வழக்கில் கதையின் முடிச்சே தொழிலுக்குள்தான் இருக்கிறது. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில் முட்கள் ஒவ்வொன்றிலும் இரை கோத்த பிறகே கடலுக்குப் போக முடியும். அன்று பாஸ்டனிலிருந்து ரயிலில் வர வேண்டிய இரை தாமதமானதால், அந்த வீட்டு ஆண்கள் மூவரும் இரவு போர்ட்ஸ்மத் துறைமுகத்திலேயே தங்க நேர்ந்தது. அங்கே அவர்களைச் சந்தித்த வாக்னர், தீவில் பெண்கள் தனித்திருப்பதை அறிந்துகொண்டது இப்படித்தான். திருடிய படகில் அவர் சுமார் 10 மைல் துடுப்பு வலித்துச் சென்றார் என்பது அரசுத் தரப்பின் வாதம். அந்தப் படகில் துடுப்பைத் தாங்கும் மரமுளைகள் புதியவையாக இருந்தும் தேய்ந்துபோயிருந்தது நீதிமன்றத்தில் சாட்சியமானது. இவ்வளவும் கைவசம் இருக்கும்போது, தற்செயல் சந்திப்புகளையும் கெட்ட சகுனங்களையும் கற்பனை செய்து சேர்ப்பது வீண்வேலை.

குடியேறிகள் அனைவரையும் ஒரே இனமாகக் கலந்துவிடுவதும் பிழையே. ஹொன்ட்வெட் குடும்பம் நார்வேயைச் சேர்ந்தது. வாக்னர் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் பிறந்தவர். நார்வே 1905 வரை சுவீடன் மன்னரின் கீழ் இருந்தாலும் தனி நாடுதான்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, திருப்பம் வேண்டும் என்பதற்காகத் தப்பிப் பிழைத்தவரையே கொலைகாரராக்குவது. வாக்னர் கடைசிவரை குற்றத்தை மறுத்தார். மேரன்தான் கொன்றார் என்ற வதந்தியும் பின்னாளில் உலவியது. அந்த மறுப்பை வாக்னரின் வாய்மொழியாகவும், வதந்தியை ஊரார் பேச்சாகவும் எழுதலாம், அதில் தடையில்லை. ஆனால் பனி உறைந்த பாறைகளில் வெறுங்காலோடு இரவைக் கழித்துவிட்டு, கண்ணெதிரே நடந்ததை நீதிமன்றத்தில் சொன்ன ஒரு பெண்ணின் மீது, அவருடைய பெயரிலேயே, சான்றின்றிக் கொலைப்பழி சுமத்துவது எனக்கு ஏற்புடையதன்று. கதைக்கு அந்தத் திருப்பம் இன்றியமையாதது என்றால், தீவின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும். ‘உண்மைச் சம்பவம்’ என்ற அடையாளத்தை அட்டையிலிருந்தும் நீக்கிவிட வேண்டும்.